பாடி கிட்: கம்பெனியுடையதா, வெளியில் செய்ததா? நடுவில் ஒரு தெர்மக்கோல் துண்டு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முழுசாக எடுத்துவிடவில்லை.)

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தான். "அண்ணா, வீட்ல ஹேட்ச்பேக் எடுத்து ஏழு மாசம் ஆச்சு. ஷோரூம்ல பாடி கிட்டுக்கு ஒரு ரேட் சொல்றாங்க. வெளில ஒருத்தர் அதுல பாதி ரேட்டுக்கு, அதைவிட செமயா இருக்கிற கிட் போட்டுத் தர்றேன்னு சொல்றார். எதைப் போடலாம்? அப்பாவுக்குத் தெரியாம முடிக்கணும்."

கடைசி வரியை அப்புறம் பார்ப்போம். முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஏன்னா இந்தத் தப்பை நானே ஒரு தடவை பண்ணியிருக்கேன். அதையும் சொல்றேன். முதல்ல விஷயத்துக்கு வருவோம்.

கிட் என்றால் என்ன, எங்கிருந்து வருது?

பாடி கிட் என்று பொதுவாகச் சொல்வது நாலு ஐட்டத்தை: முன் பம்பருக்குக் கீழே ஒரு லிப், ரெண்டு பக்கமும் சைடு ஸ்கர்ட், பின் பம்பருக்குக் கீழே டிஃப்யூசர் மாதிரி ஒரு துண்டு, மேலே ஒரு ஸ்பாய்லர். சில கிட்ல முழு பம்பரையே கழட்டி வேற பம்பர் மாட்டுவாங்க. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. இருக்கிற பம்பர் மேல ஒட்டுவது ஒரு விஷயம், பம்பரையே மாத்துவது முற்றிலும் வேற விஷயம்.

வரும் இடத்தை வச்சுப் பார்த்தால் மூணு வகை. முதலாவது, ஃபேக்டரியிலேயே மாட்டி வருவது. 2021-ல் இங்கே வந்த ஹூண்டாய் ஐ20 என் லைன் நல்ல உதாரணம். வேற பம்பர், சிவப்புக் கோடுகள் மட்டுமில்லாமல் சஸ்பென்ஷனும் எக்ஸாஸ்டும்கூட மாற்றி ட்யூன் பண்ணி விற்ற கார் அது. ரெண்டாவது, கார் கம்பெனியின் பெயரில் டீலரிடம் கிடைக்கும் ஜெனுயின் ஆக்சஸரி. இதை மாட்டுவது ஃபேக்டரி இல்லை, டீலர்ஷிப்பில் இருக்கும் பையன்தான். மூணாவது, வெளி மார்க்கெட். சென்னையில் ஜி.பி. ரோட்டுக்குப் போனால் கடை கடையாகப் பார்க்கலாம். இதுலயும் சொந்தமா டிசைன் பண்ணி விற்கும் பிராண்டுகள் இருக்கு. வேற யாரோ செய்த கிட்டின் மேல் அச்சு எடுத்து, அதிலிருந்து ஊற்றி விற்பவர்களும் இருக்காங்க.

நம்ம தம்பி கேட்டதில் ஒரு குழப்பம் இருக்கு. ஷோரூமில் சொன்னது "கம்பெனி கிட்" என்றாலும், அது முதல் வகை இல்லை, ரெண்டாவது வகை. பொருள் கம்பெனியுடையது, வேலை டீலருடையது. டபுள் சைடு டேப் ஒட்டும் முன் அந்த இடத்தைச் சரியாகத் துடைக்கவில்லை என்றால் ஜெனுயின் லிப்பும் பைபாஸில் கழண்டு பறக்கும்.

எதனால் செய்தது?

கடையில் எல்லாரும் "ஃபைபர்" என்ற ஒரே வார்த்தையைச் சொல்வாங்க. ஆனால் உள்ளே நாலைந்து விதமான பொருள் இருக்கு.

உங்கள் காரின் ஒரிஜினல் பம்பர் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். பம்பரைக் கழட்டி உள்பக்கம் பார்த்தால் "பிபி" என்று ஆங்கிலத்தில் அச்சு இருக்கும். இது வளையும், லேசாக இடித்தால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். இதைச் செய்ய பெரிய இரும்பு அச்சும் இன்ஜெக்ஷன் மோல்டிங் மெஷினும் வேணும். அந்த அச்சின் செலவு மிக அதிகம். ஆயிரக்கணக்கில் செய்தால்தான் கட்டுப்படியாகும். அதனால்தான் ஒவ்வொரு பம்பரும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும், ஓட்டைகள் சரியாகப் பொருந்தும்.

ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் நிறைய லிப்பும் ஸ்பாய்லரும் வருது. வடிவம் நல்லா இருக்கும், பெயிண்ட் நல்லா பிடிக்கும். ஆனால் பாலிப்ரொப்பிலீன் அளவுக்கு அடி தாங்காது. பாலியூரித்தேன் ரப்பர் மாதிரி வளையும், ஸ்பீடு பிரேக்கரில் உரசினாலும் சட்டென்று உடையாது. கொஞ்சம் கனம், விலையும் கூட.

கடைசியாக எஃப்.ஆர்.பி., அதாவது கண்ணாடி இழையும் ரெசினும். நம்ம ஊர் வெளி கிட்ல பெரும்பாலும் இதுதான். ஒரு அச்சில் ஜெல்கோட் பூசி, அதன் மேல் கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசின் தடவி, காய்ந்ததும் கழட்டி எடுப்பார்கள். கை வேலை. பெரிய மெஷின் வேண்டாம், பத்து செட் மட்டும் செய்தாலும் நஷ்டமில்லை. உங்கள் மாடலுக்கு வேற யாரும் செய்யாத டிசைன் வேணும் என்றால் இதுதான் வழி. உடைந்தாலும் ரெசின் போட்டு ஒட்டிவிடலாம்.

குறை என்னவென்றால், இது வளையாது. ஒரு எல்லைக்கு மேல் அடி பட்டால் நேராக வெடிப்புதான். கை வேலை என்பதால் ஒரு இடம் தடிமனாகவும் இன்னொரு இடம் மெலிசாகவும் இருக்கும். கடையில் வாங்கும்போது அந்தத் துண்டுக்குப் பின்னால் மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்ட் அடிக்காத துண்டாக இருந்தால் மெலிந்த இடத்தில் வெளிச்சம் அதிகமாகத் தெரியும், காற்றுக் குமிழும் தெரியும். அப்புறம், பெயிண்டுக்கு முன்னாடி காரில் வைத்துப் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். பொருந்தாத இடத்தைப் புட்டி வைத்து அடைத்தால் ஆறு மாசத்தில் அந்தப் புட்டி கோடு விடும்.

என் கதை

சில வருஷம் முன்னாடி செகண்ட் ஹேண்டில் ஒரு ஹேட்ச்பேக் வாங்கினேன். முதல் போனஸ் வந்ததும் முன் பம்பரையே மாத்துற மாதிரி ஒரு ஃபைபர் கிட் போட்டேன். கிட், பெயிண்ட், ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து 26,000 ரூபாய். பார்க்க செமயா இருந்தது. சிக்னலில் பக்கத்து பைக்காரன் கழுத்தைத் திருப்பினால் எனக்குக் குஷி தாங்காது. கடை பெயரெல்லாம் வேண்டாம், விடுங்க.

எட்டு மாசம் கழிச்சு, ஏசி கூலிங் சரியில்லைன்னு தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர்கிட்ட விட்டேன். பம்பரைக் கழட்டினவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இங்க வாங்க. உள்ள இருந்த தெர்மக்கோல் எங்க?"

எனக்கு ஒண்ணும் புரியல. அவர் பக்கத்துல நின்ன வேறொரு காரின் பம்பரைக் காட்டி விளக்கினார். நாம் வெளியே பார்க்கும் பம்பர் வெறும் கவர். அதற்குப் பின்னால் தெர்மக்கோல் மாதிரி ஒரு ஃபோம் துண்டு. அதற்கும் பின்னால் குறுக்கே ஒரு இரும்பு பீம். மோதும்போது ஃபோம் நசுங்கி முதல் அடியை வாங்கும். பீம் மிச்ச அடியை ரெண்டு பக்கத்து சேசிஸ் உறுப்புகளுக்கும் பிரித்துக் கொடுக்கும்.

என் காரில் ஃபோமைக் காணோம். புது பம்பரின் உள்பக்கம் ஆழம் குறைவு, ஃபோம் இருந்தால் உட்காராது. அதனால் ஃபிட்டிங் பண்ணினவர் தூக்கிப் போட்டுவிட்டார். பீமின் ஓர் ஓரத்தையும் கிரைண்டரில் அறுத்திருந்தார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நானும் கேட்கல. அந்த எட்டு மாசத்துல அம்மாவை முன் சீட்ல உட்கார வச்சு மதுரைக்கு மூணு தடவை போயிட்டு வந்திருக்கேன்.

ஒண்ணும் ஆகலை. ஆனால் அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை.

ஃபேக்டரி ஏன் அவ்வளவு யோசிக்குது?

இந்தியாவில் 2017 அக்டோபர் முதல் புதிய கார் மாடல்கள் ஏ.ஐ.எஸ் 098 என்ற முன்பக்க மோதல் சோதனையில் தேறணும். மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் காரின் முகத்தில் ஒரு பகுதி மட்டும் தடுப்பில் மோதுகிற மாதிரி சோதிப்பார்கள். பாதசாரிகள் மேல் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு ஏ.ஐ.எஸ் 100 என்று தனி விதி இருக்கு. நடந்து போகிறவர் காலில் முதலில் படுவது பம்பர்தான். அது எவ்வளவு மெதுவாக நசுங்கணும் என்பதும் டிசைனில் ஒரு பகுதி.

ஃபேக்டரி பம்பர் இந்தக் கணக்கோடு சேர்ந்து பிறந்தது. வெளி கிட் செய்பவர் உங்கள் காரை மோதிப் பார்த்து டிசைன் பண்ணவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை, அவரால் அது முடியாது. அதனால்தான் ஒட்டும் லிப்பையும் முழு பம்பரையும் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். பம்பர் மேல் ஒட்டும் லிப், உள்ளே இருக்கும் எதையும் தொடுவதில்லை. முழு பம்பர் மாற்றும்போதுதான் ஃபோம், பீம், சென்சார் எல்லாம் விளையாட்டுக்குள் வருது.

இன்னும் சில சின்ன விஷயங்கள். முன் பம்பரின் ஓட்டைகள் வழியாகத்தான் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் காற்று போகும். டிசைனுக்காக அடைத்தால் கூலிங் குறையும். என் ஏசி பிரச்சினைக்குக் காரணமும் அதுதான். பார்க்கிங் சென்சார் மேல் பெயிண்ட் தடிமனானால் அது உளறும். புது கார்களில் ஏடாஸ் வசதிக்கு முன்னால் ரேடார் இருந்தால், அதற்கு முன்னே வேற பொருளோ தடித்த பெயிண்டோ வருவது இன்னும் மோசம். சைடு ஸ்கர்ட்டை ஸ்க்ரூ போட்டு மாட்டினால், ஓட்டை போட்ட இடத்தில் துரு பிடிக்க ஆரம்பிக்கும். ஜாக்கி வைக்கும் இடம் ஸ்கர்ட்டுக்குள் மறைந்துபோனால், நடு ராத்திரி பஞ்சர் ஆகும்போதுதான் அது தெரியும்.

ஸ்பீடு பிரேக்கர் கணக்கு

இதைக் கொஞ்சம் பொறுமையா கேளுங்க, காசு மிச்சமாகும்.

முன் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து பம்பரின் கீழ் விளிம்பு 70 செ.மீ. முன்னால், 20 செ.மீ. உயரத்தில் இருக்குன்னு வச்சுக்குவோம். ஏறக்குறைய 16 டிகிரி சரிவு வரை உரசாமல் போகலாம். 5 செ.மீ. இறங்கும் லிப் போட்டால் அது 12 டிகிரி ஆகும். பிரேக் பிடிக்கும்போது காரின் மூக்கு இன்னொரு 4 செ.மீ. இறங்கினால் 9 டிகிரிதான் மிச்சம். 6 அடிக்கு 1 அடி இறங்கும் பேஸ்மென்ட் பார்க்கிங் சரிவு சுமார் 9.5 டிகிரி. முடிஞ்சுது, லிப் உரசும். மால் பார்க்கிங்கில் "கரக்" என்று கேட்கும் சத்தம் இந்தக் கணக்குதான்.

சைடு ஸ்கர்ட்டுக்கு வேற கணக்கு. இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி ஸ்பீடு பிரேக்கர் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கணும். ஹேட்ச்பேக்கின் முன் டயருக்கும் பின் டயருக்கும் நடுவில் சுமார் 2.45 மீட்டர்தான். ஆக, கார் முழுசா அந்த மேட்டு மேலயே ஏறி நிற்கும். நடுவில் அது எடுத்துக்கொள்ளும் இடைவெளி சுமார் 4.5 செ.மீ. மட்டும். ஸ்கர்ட் போட்டாலும் தாராளமாகப் போகலாம். ஆனால் நம்ம தெருவில் ராத்திரியோடு ராத்திரியா சிமெண்ட் கொட்டி வைக்கும் ஒரு அடி அகல மேடு இருக்கே, அது 10 செ.மீ. உயரம் என்றால் முழு 10 செ.மீ.யையும் எடுத்துக்கொள்ளும். 16.5 செ.மீ. கிளியரன்ஸ் உள்ள காரில் அதைவிட 4 செ.மீ. தாழும் ஸ்கர்ட் போட்டு, நாலு பேர் ஏறி கார் 3 செ.மீ. தாழ்ந்தால், மிச்சம் 9.5 செ.மீ. அரை செ.மீ.யில் கிட் போச்சு.

அதனால் கிட் வாங்கும் முன் ஒரு டேப் எடுத்து, ஆள் ஏறிய காரில் கீழ் விளிம்பின் உயரத்தை அளந்து பாருங்க. உங்க தெரு மேட்டையும் அளந்து பாருங்க.

காருக்குப் பிடிப்பு கூடுமா?

"ஸ்பாய்லர் போட்டா கார் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும்" என்பார்கள். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். வேகம் ரெண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு. 1.2 மீட்டர் நீளம், 15 செ.மீ. அகலம் உள்ள ஒரு நல்ல விங், 80 கி.மீ. வேகத்தில் தாராளமாகக் கணக்குப் போட்டாலும் சுமார் 5 கிலோ எடைதான் கொடுக்கும். 40 கி.மீ.யில் ஒன்றரை கிலோகூட இல்லை. 160-ல் 20 கிலோவைத் தாண்டும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் அதற்கு அர்த்தம் இருக்கு. ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் டிக்கியில் இருக்கும் அரிசிப் பை அதைவிட நல்ல வேலை செய்யும்.

அழகுக்காகப் போடுறீங்களா, தாராளமா போடுங்க. அதில் தப்பே இல்லை. அழகுக்கு என்று தெரிந்தே போடுங்க.

சட்டமும் இன்ஷூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு சொல்வது இது: ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும் அளவுக்கு வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ(4) சேர்ந்தது. அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். இது கடைக்காரருக்கு இல்லை, வண்டி உரிமையாளருக்கு.

பம்பர் மேல் ஒட்டும் சின்ன லிப் ஆர்.சி.யில் உள்ள எதையும் மாற்றுவதில்லை. ஃபெண்டரை அறுத்து அகலமாக்கும் வைடு பாடி கிட் அப்படி இல்லை. ஜப்பானின் லிபர்ட்டி வாக் பாணியில் செய்த கார்களைப் பார்த்து ஆசைப்படுவது சகஜம், ஆனால் அதற்கு பாடியை வெட்டணும், வெட்டினதைத் திரும்ப ஒட்ட முடியாது. கிட்டோடு சேர்த்து முன்னால் இரும்பு கிராஷ் கார்டு போடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிடுங்க. அதன்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

இன்ஷூரன்ஸில் ரெண்டு விஷயம். ஒன்று, ஐ.டி.வி. கணக்கு கார் கம்பெனியின் பட்டியல் விலையை வைத்து வருவது. அதற்கு மேல் நீங்கள் போட்ட கிட், டீலர் போட்டதாக இருந்தாலும், பாலிசியில் தனியாகச் சொன்னால்தான் அதற்குக் காப்பு உண்டு. பில்லைப் பத்திரமா வைங்க. ரெண்டு, சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதமும், ஃபைபர் கிளாஸ் பாகத்துக்கு 30 சதவீதமும் தேய்மானம் கழிப்பார்கள். ஜீரோ டெப் எடுத்திருந்தால் இந்தக் கழிவு இல்லை. சொல்லாமல் விட்ட கிட்டை சர்வேயர் பார்த்தால் அதற்குப் பணம் வராது. விபத்துக்கு அந்த மாற்றமே காரணம் என்று வாதம் கிளம்பினால் முழு கிளெய்முக்கும் தலைவலி. வாரன்டியும் அப்படித்தான். கிட்டால் வந்த பழுது என்று தெரிந்தால் கம்பெனி கை விரிக்கும்.

சரி, எதைப் போடலாம்?

என் முடிவைச் சொல்றேன். கார் வாரன்டியில் இருந்தால், அல்லது முன் பம்பரில் சென்சாரோ ரேடாரோ இருந்தால், ஜெனுயின் ஆக்சஸரியோடு நில்லுங்க. கார் இன்னும் வாங்கவே இல்லை, கிட்மேல்தான் ஆசை என்றால், அந்தப் பணத்தையும் சேர்த்து ஃபேக்டரியிலேயே அந்த லுக்கோடு வரும் வேரியன்ட்டைப் பாருங்க. வாரன்டி முடிந்த கார், தனியா தெரியணும் என்ற ஆசை, நல்ல ஃபிட்டர் கைவசம் என்றால் வெளி கிட் தாராளமா போடலாம். ஆனால் ஒட்டும் வகை மட்டும். பம்பரை மாற்றாதீங்க.

கடையில் கேட்க வேண்டியது நாலே கேள்வி. ஒட்டுறீங்களா, மாத்துறீங்களா? எங்கெல்லாம் ஓட்டை போடுவீங்க? உள்ள இருந்து எதையாவது கழட்டுவீங்களா? கழட்டினா என் கையில கொடுப்பீங்களா? கடைசி ரெண்டு கேள்விக்கு "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம் பாஸ்" என்று பதில் வந்தால், சாவியை எடுத்துக்கிட்டு வெளியே வந்துடுங்க. முடிந்தால் வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்க. நான் நிக்கலை. டீ குடிக்கப் போயிட்டேன்.

என் காருக்கு சர்வீஸ் சென்டரில் ஆர்டர் போட்டு பீம், ஃபோம், ஒரிஜினல் பம்பர் மூணையும் திரும்ப மாட்டினேன். கிட்டுக்குக் கொடுத்ததைவிட அதிகம் ஆச்சு. அந்த ஃபைபர் பம்பர் இன்னும் எங்க வீட்டு மொட்டை மாடியில் இருக்கு, அம்மா அதுல துளசிச் செடி வச்சிருக்காங்க.

தம்பி, இப்ப உன் கடைசி வரிக்கு வர்றேன். ஆர்.சி. அப்பா பேர்லதானே? அப்படின்னா அபராதமும் அவர் பேர்லதான் வரும், கிளெய்ம் ஃபார்மில் கையெழுத்தும் அவர்தான் போடணும். பாலிசியில் கிட்டைச் சேர்க்கணும் என்றாலும் அவர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். அதனால ரகசியமெல்லாம் வேண்டாம். டேப் எடுத்து அளந்த கணக்கோட போய் அவர்கிட்டயே பேசு. அவரும் ஒரு காலத்துல பைக்ல ஸ்டிக்கர் ஒட்டினவராத்தான் இருப்பார்.

அடுத்த எபிசோடில் டயர் சைஸ் மாத்துறதைப் பத்திப் பேசுவோம். அதுவரைக்கும் பத்திரமா ஓட்டுங்க.